புதுப் பற்றரியும் இறங்குகிறதா? ரெகுலேற்றர் வாங்க முன் அளந்து பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது, இந்திய பைக் ஒன்றின் ரெகுலேற்றரை, அதாவது எஞ்சினில் உண்டாகும் கரண்டைப் பற்றரிக்கு ஏற்ற அளவில் நிறுத்தும் பெட்டியை, 1996 டுக்காட்டி மொன்ஸ்டர் 600 என்ற இத்தாலிய பைக்குக்குப் பூட்டலாமா என்பது. ஆனால் எழுதியதை முழுக்க வாசித்தால் உண்மையான கேள்வி வேறு. 2022 இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் பைக் கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடிக்குக் கீழே மாதக்கணக்கில் நின்றிருக்கிறது. பிறகு புதுப் பற்றரி போட்டீர்கள், சில மாதத்தில் அது செத்தது. இரண்டாவதும் போட்டீர்கள். அதை வெளியே சார்ஜ் பண்ணி மாட்டினால் வேலைக்குப் போய்வர மூன்று நான்கு நாள் தாங்குகிறது, பிறகு இறங்குகிறது. கடைசியில் ஒரு மழை இரவில் கொழும்பின் காலி வீதியில் லைட் மங்கி, சிக்னல் விளக்கு நின்று, எஞ்சினும் தானாக நின்றுவிட்டது. கராஜில் “ரெகுலேற்றர் போயிட்டுது” என்று சொன்னார்களே தவிர எதையும் அளந்து காட்டவில்லை. ஆக, கரண்ட் எங்கே தொலைகிறது, இன்னொரு தடவை காசைக் கொட்ட முன் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்பதுதான் நீங்கள் அறிய வேண்டியது. வழி இருக்கிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மீற்றர் ஒன்றும் ஒரு சனிக்கிழமைக் காலையும் போதும்.

ஓட்டோ வயரிங்தான் என் தொழில். கையில் வருவது பெரும்பாலும் ஜப்பான், இந்திய வண்டிகள். இத்தாலிய பைக்குகள் கொழும்பில் குறைவு, ஆனால் வந்தவற்றில் பெரும்பாலானவை இதே முறைப்பாட்டோடுதான் வந்தன. அவற்றில் சாமான் உண்மையிலேயே செத்திருந்ததைவிட, சாமான்களுக்கு இடையில் இருந்த வயரும் கனெக்டரும் கெட்டிருந்ததே அதிகம். அதனால் எதையும் வாங்க முன் அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் நேராகக் கேட்டதற்குப் பதில்: இந்திய கொம்யூட்டர் பைக்கின் ரெகுலேற்றரைப் பூட்ட வேண்டாம். அந்தக் காலத்து மொன்ஸ்டரின் ஆல்டனேற்றர், அதாவது எஞ்சின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் பகுதி, 350 வாட் அளவு. 14 வோல்டில் அது 25 அம்பியர். சின்ன பைக்குகளின் ரெகுலேற்றர் அவ்வளவு கரண்டுக்குச் செய்யப்பட்டதல்ல. அது மட்டுமல்ல, சிலவற்றின் உள்ளமைப்பே வேறு, ஸ்டேற்றரின் (ஆல்டனேற்றருக்குள் அசையாமல் இருக்கும் செம்புச் சுற்று) ஒரு முனை எஞ்சின் உடம்போடு இணைந்து ஏர்த் ஆகியிருக்கும் என்ற கணக்கில் செய்தவை. உங்கள் பைக்கில் ஸ்டேற்றரிலிருந்து வரும் இரண்டு மஞ்சள் வயரும் எதிலும் ஏர்த் ஆகாமல் தனியாக நிற்க வேண்டும். பூட்டினால் முதல் நாள் வேலை செய்வதுபோலத் தெரியலாம், பிறகு ரெகுலேற்றரோடு ஸ்டேற்றரும் சேர்ந்து போகும்.

இடது பக்க எஞ்சின் கவரிலிருந்து வெளியே வரும் மஞ்சள் வயர்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு என்றால் பழைய ஒற்றைப் பேஸ் அமைப்பு, அதாவது கரண்ட் ஒரே சுற்றிலிருந்து வருகிறது. மூன்று என்றால் 90களின் கடைசியில் வந்த 520 வாட் மூன்று பேஸ் அமைப்பு. முந்தைய சொந்தக்காரர் எஞ்சினையோ கவரையோ மாற்றியிருந்தால் ஆண்டை வைத்து முடிவு கட்ட முடியாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும். 1996 என்பதால் இரண்டு என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். வேலை செய்யும் விதம் எளிது: காந்தம் பதித்த ரோட்டர் ஸ்டேற்றரைச் சுற்றி ஓடுகிறது, ஸ்டேற்றரிலிருந்து ஏசி கரண்ட் மஞ்சள் வயர் வழியாக ரெகுலேற்றருக்குப் போகிறது, அது டிசி ஆக்கி 14 வோல்டைச் சுற்றி நிறுத்திப் பற்றரிக்கு அனுப்புகிறது. இதில் சுற்றும் ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பிரஷ், சிலிப் ரிங் எதுவும் இல்லை. பொஷ் ஆல்டனேற்றர் வைத்த பழைய மோட்டோ குட்ஸி (இன்னொரு இத்தாலிய பைக்) என்றால் கதை வேறு. அதில் டாஷில் இருக்கும் சார்ஜ் லைட்டின் பல்பு எரிந்து போனாலே சார்ஜ் தொடங்காமல் போகலாம், ஏனென்றால் ரோட்டருக்கு முதல் கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. இணையத்தில் இரண்டு அமைப்புகளுக்கான ஆலோசனைகளும் கலந்து கிடக்கின்றன. குட்ஸிக்குச் சொன்னதை டுக்காட்டியில் செய்து பார்க்காதீர்கள்.

இனி, நீங்கள் எழுதிய ஒரு விஷயம் எனக்கு மிகவும் உதவியது: மூன்று நான்கு நாள் தாங்குகிறது என்பது. ஹெட்லைட் 55 வாட், பின் லைட் 5, பிரேக் பிடித்தால் இன்னும் 21, இக்னிஷனுக்குச் சில அம்பியர். எல்லாம் சேர்ந்து ஓடும்போது ஏறக்குறைய 10 அம்பியர் தேவை. பழைய மொன்ஸ்டருக்குரிய 16 அம்பியர் அவர் பற்றரி (அம்பியர் அவர் என்பது ஒரு அம்பியரை ஒரு மணி நேரம் தரும் அளவு), சார்ஜே ஏறாமல் லைட்டோடு ஓடினால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. நீங்கள் நாலு நாள் காலையும் மாலையும் ஓடியிருக்கிறீர்கள், அதாவது ஏதோ கொஞ்சம் ஏறுகிறது, போதவில்லை. ஒற்றைப் பேஸ் ஸ்டேற்றரின் சுற்று அறுந்தால் வெளியே வருவது பூச்சியம்தான். மூன்று பேஸில் ஒன்று போனால் மற்றவை பாதி வேலை செய்யும், இதில் அந்த நடுநிலை இல்லை. ஆகவே அறுந்த ஸ்டேற்றரை அநேகமாக விட்டுவிடலாம். மிஞ்சுவது மூன்று: கனெக்டரிலோ வயரிலோ வோல்டேஜ் தொலைவது, ரெகுலேற்றருக்குள் ஒரு டயோட் (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் சாமான்) போய்ப் பாதி அலை மட்டும் வருவது, சூடானதும் கைவிட்டு ஆறினதும் திரும்ப வேலை செய்யும் சாமான். முதலாவதில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். ஆனால் பைக்கைப் பார்க்காமல் சொல்லும் இந்தப் பகுதி ஊகம்தான், கீழே சொல்லும் அளவுகள்தான் தீர்ப்பு.

பற்றரியிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் செத்த பற்றரியை வைத்துக்கொண்டு எடுக்கும் வேறெந்த அளவையும் நம்ப முடியாது. வெளிச் சார்ஜரில் மெதுவாக ஏற்றுங்கள், 16 அம்பியர் அவர் பற்றரிக்கு ஒன்றரை அம்பியர் அளவு நல்லது. இரவு முழுக்க விட்டு, சார்ஜரைக் கழற்றி, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளங்கள். 12.6 முதல் 12.8 வரை நல்லது. 12.4 என்றால் முழுதாக ஏறவில்லை. 12-ஐ ஒட்டி வந்தால் காலி என்று அர்த்தம், இரவு முழுக்க ஏற்றியும் அங்கேயே நின்றால் அந்தப் பற்றரியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பிறகு ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தும்போது மீற்றரைப் பாருங்கள், 10-க்குக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனம், அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. தண்ணி ஊற்றும் பற்றரி என்றால் ஆறு அறையிலும் மட்டத்தைப் பாருங்கள். எல்லா அறையும் ஒரே மாதிரி இறங்கியிருந்தால் அது ஓவர் சார்ஜின் அடையாளம், உங்கள் பிரச்சினைக்கு நேரெதிர்ப் பக்கம். ஒன்றை மறக்காதீர்கள்: இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்ட பற்றரியில் தகட்டில் சல்பேட் படிந்துவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. உங்கள் முதல் பற்றரி அப்படித்தான் போயிருக்கும், அது பற்றரிக் கம்பனியின் பிழையாக இருக்கத் தேவையில்லை. அத்தோடு, பலவீனமான பற்றரியில் இந்த எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சுற்றாதீர்கள். வேகமாகச் சுற்றாவிட்டால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும், அந்த உதையை வாங்குவது ஸ்டார்ட்டர் கிளட்ச். அதை மாற்றுவது ரெகுலேற்றரைவிடப் பெரிய செலவு.

சரி, நல்ல பற்றரியோடு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஐந்து நிமிடம் விட்டு, ஹெட்லைட் போட்டபடி பற்றரி முனைகளில் அளங்கள். ஐடிலில், அதாவது அக்ஸிலேற்றர் கொடுக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, 12.8, 13 என்று காட்டினால் பயப்படத் தேவையில்லை. இந்த ஆல்டனேற்றர் மெதுவான சுற்றில் தன் 350 வாட்டைத் தருவதில்லை, லைட்டும் பிரேக் லைட்டும் எரியும்போது வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக நிற்கும். பம்பலப்பிட்டிச் சந்தியில் பச்சை விழும்வரை நிற்கிற நேரமெல்லாம் பைக் பற்றரியிலிருந்து கொஞ்சம் கடன் வாங்குகிறது, பிறகு ஓடும்போது திருப்பிக் கொடுக்கிறது. கொழும்புப் போக்குவரத்தில் வாங்கும் கடன் கூட, கொடுக்கும் நேரம் குறைவு. அதனால்தான் இத்தாலியில் கவனிக்கப்படாமல் போகும் சின்ன இழப்பு இங்கே பற்றரியைக் கொல்கிறது. இப்போது 4000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 4000 சுற்று) வரை ஏற்றிப் பிடியுங்கள், ஆனால் அதற்கு முன் கடைசியில் சொல்லும் பெல்ட்டைப் பார்த்துவிடுங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்து நின்றால் அந்த நேரத்தில் சார்ஜ் சரி. 13.2 இல் முக்கிக்கொண்டு நின்றால் நாம் தேடும் இழப்பு இருக்கிறது. ஆர்பிஎம் ஏற ஏற வோல்டேஜ் இறங்கினால் பிரச்சினை ரெகுலேற்றர் பக்கம். 15-ஐத் தாண்டினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். இதை ஒரு தடவை குளிராக, இன்னொரு தடவை அரை மணி நேரம் ஓடி வந்த சூட்டோடு அளக்க வேண்டும். கராஜில் இரண்டு நிமிடம் பார்த்து “சார்ஜ் வருது” என்று அனுப்பிய எத்தனையோ பைக்குகள் தெகிவளை தாண்ட முன் நின்றிருக்கின்றன, ஏனென்றால் சூட்டில் யாரும் அளக்கவில்லை.

இனி முக்கியமான இடம். மஞ்சள் வயர்களைப் பிடித்துக்கொண்டே போனால் ரெகுலேற்றருக்கு முன் ஒரு கனெக்டர் வரும். எஞ்சினை நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, அதைக் கழற்றுங்கள். லேசில் கழராவிட்டால் அதுவே ஒரு பதில், உள்ளே பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருக்கிறது. வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் தேயிலைச் சாயம்போலப் பழுப்பாக, நடுவில் கறுப்பாக இருக்கும். பெண் முனையின் (மற்றது உள்ளே சொருகும் பக்கம்) இதழ் விரிந்து பிடி இல்லாமல் இருக்கும். வயரை வளைத்தால் முனைக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு உறை காய்ந்து மொறுமொறுக்கும். உறையைக் கொஞ்சம் சீவிப் பார்த்தால் செம்பு பளபளப்பாக இல்லாமல் கறுத்திருக்கும், சில வேளை பச்சை பூத்திருக்கும். கடற்கரையை ஒட்டிய வெள்ளவத்தையில் உப்புக் காற்றில் நின்ற பைக்குக்கு இது இன்னும் வேகமாக வரும்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், அந்த முனையில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தால் போதும். 20 அம்பியர் போகும்போது அங்கே 2 வோல்ட் தொலையும், 40 வாட் சூடு பிறக்கும். நாங்கள் வயர் ஒட்டும் சோல்டரிங் அயன் அதே 40 வாட்தான். அதை ஒரு பிளாஸ்டிக் கனெக்டருக்குள் சொருகி ஓன் பண்ணி விட்டுத்தான் நீங்கள் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். சூட்டில் முனை இன்னும் தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். கராஜில் “ரெகுலேற்றர் போய்விட்டது” என்று புதிது பூட்டுகிறார்கள், பழைய கருகிய கனெக்டரிலேயே சொருகிவிடுகிறார்கள், சில மாதத்தில் புதியதும் போகிறது. பிறகு சாமான் சரியில்லை, இத்தாலி பைக்கே இப்படித்தான் என்று பேச்சு வருகிறது.

கனெக்டர் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் அத்தோடு விடாதீர்கள். எஞ்சினை 3000, 4000 இல் ஓடவிட்டு, லைட் போட்டு, மீற்றரை டிசி வோல்டில் வைத்து, ஒரு முனையை ரெகுலேற்றரிலிருந்து வெளியே வரும் சிவப்பு வயரின் கனெக்டரின் பின்பக்கத்தால் குத்தி, மற்றதைப் பற்றரியின் பிளஸ்ஸில் நேராக வையுங்கள். இங்கே காட்டுவது வழியில் தொலையும் வோல்டேஜ். 0.2 வரை பொறுக்கலாம். 0.5, 0.8 என்றால் இடையில் எங்கோ கெட்ட முனை அல்லது கருகிய பியூஸ் ஹோல்டர் இருக்கிறது. ரெகுலேற்றருக்கும் பற்றரிக்கும் நடுவில் 30 அல்லது 40 அம்பியர் பெரிய பியூஸ் ஒன்று இருக்கும். பியூஸ் நன்றாக இருந்தும் அதன் இருக்கை கருகியிருப்பது வழமை, கழற்றிக் கால்களைப் பாருங்கள். பிறகு இதேபோல ரெகுலேற்றரின் உடம்பிலிருந்து பற்றரியின் மைனஸ் வரை அளங்கள். ரெகுலேற்றரைப் பூட்டிய இடத்தில் பெயின்ட் அடித்திருந்தால் அங்கே ஏர்த் சரியாகக் கிடைக்காது. நான் பார்க்கும் எந்தப் பழைய டுக்காட்டிக்கும் ரெகுலேற்றர் உடம்பிலிருந்து பற்றரி மைனஸுக்கு நேராக ஒரு தடித்த வயர் இழுத்துவிடுவேன். செலவே இல்லாத வேலை, பலன் அதிகம். இந்தத் தலைமுறை டுக்காட்டிகளின் ஸ்டார்ட்டர் கேபிளும் மெலிந்தது என்று பெயர் எடுத்தது. எஞ்சின் சோம்பலாகச் சுற்றினால் அந்தக் கேபிள்களையும் எஞ்சின் ஏர்த்தையும் தடித்ததாக மாற்றினால் வித்தியாசம் உடனே விளங்கும்.

இழப்பு அளவை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பல ரெகுலேற்றர்கள் தங்கள் சொந்த முனையில் உள்ள வோல்டேஜைத்தான் பார்க்கின்றன. தன்னிடம் 14.3 இருக்கிறது என்று அது திருப்தியாக நிற்கும், பற்றரிக்குப் போய்ச் சேர்வது 13.4. ரெகுலேற்றர் ஒரு பிழையும் செய்யவில்லை, ஆனால் பற்றரி பட்டினி. வேறு சிலவற்றில் வோல்டேஜைப் பார்க்கத் தனியாக ஒரு மெல்லிய வயர் திறப்புச் சுவிச் வழியாக வரும். அங்கே சுவிச் பழுதாகி வோல்டேஜ் தொலைந்தால் ரெகுலேற்றர் பற்றரி இறங்கிவிட்டது என்று நினைத்து அளவுக்கு மீறி ஏற்றிக் கொதிக்க வைக்கும். ஒரே நோய் இரண்டு எதிர் முகத்தோடு வரும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் ஸ்டேற்றரைப் பாருங்கள். மஞ்சள் கனெக்டரைக் கழற்றி, எஞ்சின் நின்ற நிலையில், ஒவ்வொரு மஞ்சளுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே ஓம் அளங்கள். எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஏதாவது எண் வந்தால் உறை உருகிச் சுற்று இரும்பில் தொடுகிறது, ஸ்டேற்றர் முடிந்தது. இரண்டு மஞ்சளுக்கும் இடையே ஒரு ஓமுக்கும் குறைவாக வரும். மலிவான மீற்றரில் இந்தச் சின்ன அளவை நம்ப முடியாது, முதலில் மீற்றர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துவிடுங்கள். பிறகு கனெக்டர் கழற்றியபடியே ஸ்டார்ட் பண்ணி, மீற்றரை ஏசியில் வைத்து இரண்டு மஞ்சளுக்கு நடுவே பாருங்கள். ஐடிலில் 15, 20 வோல்ட் பக்கம், 4000 இல் 50 வோல்ட் சுற்றி வரலாம். இந்த எண்கள் மொடலுக்கு மொடல் மாறும், அவற்றைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம். ஆர்பிஎம் இரட்டிப்பானால் வோல்டேஜும் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும், சூட்டிலும் அப்படியே இருக்க வேண்டும், அதுதான் சோதனை. கை படாமல் அளங்கள், இந்த வோல்டேஜ் விரலில் நன்றாகவே தெரியும்.

ரெகுலேற்றரை மேசையில் வைத்து முழுதாகச் சோதிக்க முடியாது. டயோட் நிலையில் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு ஒரு பக்கம் 0.4, 0.6 என்று காட்டி மறுபக்கம் ஒன்றும் காட்டக் கூடாது. மைனஸ் பக்கமும் அதேபோல, திசை மாறி. ஒரு மஞ்சளில் வந்து மற்றதில் வராவிட்டால் நான் மேலே சொன்ன பாதி அலைப் பிழை இதுதான், ரெகுலேற்றரைக் குப்பையில் போடலாம். ஆனால் இதில் பாஸானால் டயோட்கள் நல்லவை என்று மட்டும்தான் பொருள். வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பகுதியை ஓடவிட்டுத்தான் அறிய முடியும். வயரில் இழப்பில்லை, ஸ்டேற்றர் நன்றாக இருக்கிறது, சூட்டில் மட்டும் 13-க்குக் கீழே விழுகிறது என்ற மூன்றும் உறுதியானால் அப்போது கராஜ்காரர் சொன்னது சரி, ரெகுலேற்றர் வாங்குங்கள்.

வாங்குவதென்றால் பஞ்சிகாவத்தையில் பெரிய ஜப்பான் பைக்குகளிலிருந்து கழற்றிய, ஷிண்டெங்கன் என்ற ஜப்பான் கம்பனியின் மொஸ்ஃபெட் வகை ரெகுலேற்றர் தேடலாம். எஃப்எச்020ஏஏ என்று எழுதியிருக்கும், மூன்று பேஸுக்குச் செய்தது, மூன்று முனைகளில் எந்த இரண்டிலும் உங்கள் மஞ்சள் இரண்டையும் கொடுக்கலாம். பழைய வகையைவிடச் சூடு குறைவு. போலிகள் நிறைய உலாவுகின்றன, எழுத்து அச்சாக இல்லாமல் ஸ்டிக்கராக இருந்தால் விட்டுவிடுங்கள். காற்றுப் படும் இடத்தில், அலுமினியத் தகட்டில், பின்னால் ஹீட் பேஸ்ட் தடவிப் பூட்டுங்கள். கனெக்டருக்குத் தண்ணீர் புகாத புது வகை, 4 சதுர மில்லிமீற்றர் வயர், வயரில் முனையை அழுத்திப் பிடிக்கும் சரியான கிரிம்ப் கருவி. குறட்டால் நசுக்கி டேப் சுற்றும் வேலையை யாரிடமும் ஏற்காதீர்கள். கறுத்த செம்பை நல்ல செம்பு வரும்வரை வெட்டி எறியுங்கள்.

ஸ்டேற்றர்தான் போயிருக்கிறது என்றால் இங்கேயே மோட்டார் சுற்றும் கடைகளில் திரும்பச் சுற்றலாம். 180 பாகை தாங்கும் கிளாஸ் எச் வயரும், சூடான எஞ்சின் ஒயிலில் கரையாத எப்பொக்ஸியும் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் ஸ்டேற்றர் ஒயிலுக்குள்ளேயே இருக்கிறது. சாதாரண ஃபேன் வார்னிஷ் போட்டால் உரிந்து வரும். கவரைக் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம், ஒயில் ஒழுகும். கியர் தண்டுகளின் முனையில் உள்ள மெல்லிய வாஷர்கள் கவரோடு ஒட்டிக்கொண்டு வந்து தொலைந்து போகக்கூடும், எது எங்கிருந்தது என்று படம் எடுத்து வையுங்கள். திறந்த கையோடு ரோட்டர் நட் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அந்தக் கால டுக்காட்டிகளில் அது தளர்வது கேள்விப்படாத விஷயமல்ல.

ஓடாமல் நிற்கும்போது பற்றரி இறங்குகிறதா என்பது தனிக் கேள்வி. திறப்பு ஓஃப், மைனஸ் கேபிளைக் கழற்றி, மீற்றரை 10 அம்பியர் நிலையில் இடையே கோர்த்துப் பாருங்கள், பிறகு மில்லி அம்பியருக்கு மாறுங்கள். அந்த நிலையில் திறப்பைத் தொட வேண்டாம், மீற்றரின் பியூஸ் போகும். அலாரமோ ட்ராக்கரோ இல்லாத இந்தப் பைக்கில் ஓரிரு மில்லி அம்பியருக்கு மேல் வரத் தேவையில்லை. அலாரம் ஒன்று 50 மில்லி அம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் அவர், இரண்டு வாரத்துக்குள் முழுப் பற்றரியும் காலி. எண் பெரிதாக வந்தால் ரெகுலேற்றரின் சிவப்புக் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், குறைந்தால் கசிவது ரெகுலேற்றருக்குள்.

இரண்டு விஷயம் யாரையும் செய்ய விடாதீர்கள். ஒன்று, எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி “டைனமோ வேலை செய்யுதா” என்று பார்ப்பது. பழைய லொறிக் காலத்துப் பழக்கம், எங்கள் பாஸ்மார் (கராஜ் மெக்கானிக்குகள்) பலர் இன்னும் செய்கிறார்கள். பற்றரி விலகிய கணத்தில் வோல்டேஜ் மேலே பாயும், ரெகுலேற்றரும் இக்னிஷன் பெட்டியும் அங்கேயே சாகலாம். உங்கள் பைக்கின் இக்னிஷன் பெட்டி கொழும்பில் தேடிக் கிடைக்கும் சாமான் அல்ல. இரண்டு, ஓடிக்கொண்டிருக்கும் காரிலிருந்து ஜம்ப் கொடுப்பது. கொடுக்கத்தான் வேண்டுமென்றால் கார் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கொடுங்கள். லித்தியம் பற்றரி ஆசையும் இப்போதைக்கு வேண்டாம், சார்ஜ் வோல்டேஜ் உறுதியாகும்வரை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த எஞ்சினில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டுக்கு 20,000 கிலோமீற்றர் அல்லது இரண்டு வருடம் என்பது கணக்கு, எது முதலில் வருகிறதோ அது. 2022 இலிருந்து மாற்றவில்லை என்றால் ஓடாமலே அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். 4000 ஆர்பிஎம் சோதனை செய்ய முன் பெல்ட் கவர்களைக் கழற்றி வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மீற்றரை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

அளந்த பிறகு இந்த எண்களை இங்கே எழுதுங்கள்: ஆறிய பற்றரியின் வோல்டேஜ், சூட்டில் ஐடிலிலும் 4000 இலும் வந்தது, பிளஸ் பக்க இழப்பு, மைனஸ் பக்க இழப்பு, 4000 இல் ஏசி. மஞ்சள் கனெக்டரைக் கழற்றியதும் இரண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்தால் ரெகுலேற்றருக்குக் காசு கொடுக்க வேண்டுமா, வெறும் கனெக்டருக்கும் வயருக்கும் கொடுத்தால் போதுமா என்று சொல்லிவிடலாம்.